புதன்கிழமை இறந்தவரின் பதக்கம்

"இன்னொரு தரம் கூப்புடு தம்பி. மொத தரம் கூப்புடறது அவருக்கில்ல."

கருவடிக்குப்பத்தில் அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பெரியவர் பத்தடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பப் பெயரோடு 'முசே' சேர்த்து, எங்கள் ஊர் வழக்கப்படி மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். தலை நிமிரவில்லை. கைகள் மட்டும் நின்றன.

"காது கேக்காதா அக்கா?" என்று அவர் மகளிடம் கேட்டேன்.

"பக்கத்து வூட்டு குக்கரு எத்தன விசிலு வுட்டுதுன்னு எண்ணிச் சொல்லுவாரு. காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ கூப்புடு."

மறுபடியும் கூப்பிட்டேன். "வாங்க தம்பி" என்று உடனே எழுந்தார். அந்த இரண்டு அழைப்புக்கும் நடுவே அவர் முகத்தைக் கவனித்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேறு யாரோ பதில் சொல்லட்டும் என்று விட்டுக்கொடுப்பவர் போல, வீட்டின் உட்பக்கமாகக் காதைத் திருப்பி வைத்திருந்தார். உள்ளே யாரும் இல்லை. மகள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

புதிய நூற்றாண்டு பிறந்து நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்த சமயம் அது. நாளும் மணியும் என் நோட்டில் இருக்கின்றன. எங்கள் ஊரில் உப்பளம் என்ற பகுதியில் ஓர் அலுவலகத்தில் நில ஆவணப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் நோட்டு எழுதுகிறவன் நான். எந்தத் தெருவில் எந்த வீடு இடிக்கப்பட்டது, எந்த நாளில் கடல் பொங்கிச் சாலைக்கு வந்தது, யார் எப்போது காலமானார்கள் என்று எழுதி வைப்பேன். யாரும் கேட்டதில்லை. ஆனாலும் ஒரு நாள்கூட விட்டதில்லை. இந்தக் கதையில் தேதிகளைத் தராமல் கிழமைகளை மட்டும் தருவது அந்தக் குடும்பத்துக்காக. எங்கள் ஊரில் தேதி தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பள்ளியில் பிரெஞ்சு படித்ததால் என்னிடம் காகிதங்களோடு ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் சொல்தாக்களின் வீட்டார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். இவர் இருபது சொச்சம் வயதில் சைகோனுக்குக் கப்பலேறி, அங்கே நடந்த போரில் அடிபட்டுத் திரும்பியவர்.

அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு சிலுவைப் பதக்கத்தை எடுத்து வைத்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் மெதாய். ரிப்பன் நிறம் போயிருந்தது. உலோகம் மட்டும் புதிதாக இருந்தது. அவராக ஒருமுறைகூட எடுத்துக் குத்திக்கொள்ளாத பதக்கம்.

"இது எந்த ரெக்கார்டுலயும் இல்ல தம்பி. எழுத வைக்கணும்."

"உங்க ரெக்கார்டுலதானே முசே? எழுதிடலாம்."

"என்னுதுல இல்ல. அவனுதுல."

மகள் சிரித்தார். "கேட்டுக்கோ. உயிரோட இருக்கற மனுஷனுக்கு மெதாய் வேணாமாம். செத்தவருக்கு வேணுமாம்."

'அவன்' என்பவர் பெரியவரின் பெரியப்பா மகன். இருவரும் பிறந்தது பதினோரு நாள் இடைவெளியில். தாத்தா இறந்த வருடம் அது. இரண்டு மருமகள்களும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேரன்களுக்கும் தாத்தாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் என்றால் அப்பாவின் பெயரை முன்னால் சேர்த்துப் பிரித்துக் காட்டியிருக்கலாம். இந்தக் குடும்பமோ வெகு காலத்துக்கு முன்பே பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வருவதாக எழுதிக் கொடுத்து, எல்லோருக்குமாக ஒரே குடும்பப் பெயரை எடுத்துக்கொண்ட குடும்பம். அதனால் முன்பெயரும் ஒன்று, பின்பெயரும் ஒன்று. ஒரே நாளில் படையில் சேர்ந்தார்கள். ஒரே கம்பெனியில் போட்டார்கள். தினமும் ஆள் கணக்கெடுக்கும் சார்ஜன்ட் அவர்களுக்கு எண் கொடுத்தார். மூத்தவர் ஒன்று, இவர் இரண்டு. பெயரை முதலில் கூப்பிட்டால் மூத்தவர் 'ப்ரெஸான்', இருக்கிறேன் என்பார். இரண்டாவது முறை கூப்பிட்டால் இவர். ஊர் திரும்பி ஐம்பது வருடமாகியும், முதல் அழைப்பு தன்னுடையது என்று இவருக்குத் தோன்றவே இல்லை.

பதக்கம் கிடைத்த விதத்தை அவர் நாலே வாக்கியத்தில் சொன்னார். ஆற்றங்கரையில் இருந்த அவர்களுடைய காவல் அரணை எதிரிகள் தாக்கினார்கள். இவருக்குத் தொடையில் குண்டு. ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகு ஓர் அணிவகுப்பில் பெயரைக் கூப்பிட்டார்கள், எண் சொல்லாமல். யாரும் போகவில்லை என்றதும் பின்னால் நின்றவன் இவரைத் தள்ளிவிட்டான், ஜெனரல் பதக்கத்தைக் குத்திவிட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே முசே?"

"சொல்லியிருக்கலாம். ஜெனரல் என் கன்னத்துல முத்தம் குடுத்துட்டாரு. அதுக்கப்பறம் எப்புடிச் சொல்றது?"

பதக்கத்தோடு வந்த காகிதத்தைப் படித்தேன். இன்ன படை எண் உள்ள சொல்தா, எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நாணல் காட்டிலிருந்து காயம்பட்ட தோழனைச் சுமந்துவந்து ஆற்றின் இக்கரையில் சேர்த்தார், இன்னொருவரைத் தேடித் திரும்பிச் சென்றார் என்று இருந்தது. அந்தப் படை எண் மூத்தவருடையது. காயம்பட்ட தோழன் இவர்தான். வேலை எளிது என்று எனக்குத் தோன்றியது. எண் ஒத்துப்போகிறது, எழுதிப் போட்டால் முடிந்தது.

தவறு செய்தது நான்தான். மனுவோடு ஒரு கால அட்டவணை இணைத்தேன். யாரும் கேட்காதது. மூத்தவரின் மரணத்தைப் பற்றி அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு வந்த தந்தி, பதக்கக் காகிதம், இவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் வைத்துக்கொண்டு, பழைய பஞ்சாங்கத்தில் கிழமை பார்த்து, வரிசையாகத் தட்டச்சு செய்தேன். புதன், அரண் மீது தாக்குதல், மூத்தவர் மரணம். வெள்ளி, காயம்பட்டவரைச் சுமந்து வந்தது. சனி, இவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது. தட்டச்சு செய்யும்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும். தேதிகள் சரியா என்று பார்த்தேனே தவிர, அவை என்ன சொல்கின்றன என்று பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்து பிரான்சிலிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். மனுதாரரே தந்திருக்கும் அட்டவணையின்படி, புதன்கிழமை இறந்த ஒருவர் வெள்ளிக்கிழமை யாரையும் சுமந்திருக்க முடியாது. ஆகவே பதக்கக் காகிதத்தில் உள்ள படை எண் எழுத்தரின் பிழை. அதே பெயர் கொண்ட, உயிரோடு இருக்கும் மனுதாரரே அச்செயலைச் செய்தவர். மூன்று மாதத்துக்குள் மறுப்பு வராவிட்டால் பதக்கம் அவருடைய பதிவேட்டில் சேர்க்கப்படும். வாழ்த்துகள்.

உரக்க மொழிபெயர்த்துப் படித்தேன். மகள் தட்டில் இருந்த முறுக்கை என் பக்கம் தள்ளினார். "அப்பறம் இன்னா, நைனா? நாளைக்கு நீ போனா பிரெஞ்சுக் கொடி போத்தித் தூக்கிட்டுப் போவாங்க ஒன்ன."

பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்கிட்டேர்ந்து உசுர வாங்கிக்கினேன்" என்றார். "இதையும் வாங்கிக்கச் சொல்றீங்களா தம்பி?"

எடுத்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

கடிதத்தோடு இரண்டு பேருடைய கோப்பிலிருந்தும் சில நகல்கள் வைத்திருந்தார்கள். படையில் சேர்ந்தபோது எடுத்த இரண்டு புகைப்படங்கள் ஒரே தாளில் அருகருகே இருந்தன. பெயர் ஒன்றே என்பதால் கீழே உள்ள எழுத்து உதவவில்லை. எண் இருந்த ஓரம் நகலில் விழவில்லை. இதில் எது நீங்கள் என்று கேட்டேன். வெகு நேரம் பார்த்தார். இடது பக்கம் விரலை வைத்தார். பிறகு எடுத்து வலது பக்கம் வைத்தார். அப்புறம் இரண்டிலும் வைக்காமல் தாளைக் கவிழ்த்துவிட்டார். மகள் அதை நிமிர்த்திப் பார்த்து, அவராலும் சொல்ல முடியாமல், எழுந்து விளக்கைப் போட்டார். நல்ல வெளிச்சம் இருந்த பகல் வேளை அது.

அப்போதுதான் அவர் மீதியைச் சொன்னார். மகளுக்கே அதுவரை சொன்னதில்லை.

"புதங்கெழம விடிய அடிச்சாங்க. கால்ல பட்டதும் நாணலுக்குள்ள உருண்டு போயிட்டேன். எத்தினி நாளு கெடந்தேன்னு தெரியாது. தண்ணி முட்டிவரைக்கும். காய்ச்சலு. அப்பறம் ஒருத்தன் வந்து தூக்குறான். அண்ணந்தான். முதுவுல போட்டுக்கினு நடக்கறான். எம்மாங் குண்டு போவுது ரெண்டு பக்கமும், இவன் சந்தைக்குப் போறவன் மாதிரி நடக்கறான். 'எறக்கி வுட்று, ரெண்டு பேருமா சாவப் போறோம்'னு சொன்னேன். அதுக்கு அவன் சொன்னான்…"

நிறுத்திக்கொண்டார். மகள், "இன்னா சொன்னாரு, நைனா?" என்றார்.

"'நான் புதங்கெழமையே செத்துட்டேன்டா. எனக்கு இன்னா பயம். பொண்ணு பொறந்திருக்கறது ஒனக்குத்தான், பேசாம வா'ன்னான்."

மகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் தொடர்ந்தார்.

"கரையில போட்டுட்டுத் திரும்பிப் போனான். அவ்ளோதான். ஊருக்கு வந்தப்பறம் தந்தியப் பாத்தேன். புதங்கெழமைன்னு போட்டிருக்குது." அவர் என்னைப் பார்த்தார். "அவன் மேல சூடே இல்ல தம்பி. முதுவு சில்லுன்னு இருந்துது. காய்ச்சல்ல அப்புடித் தெரிஞ்சிதோ என்னமோ. ஐம்பது வருஷமா யோசிச்சுப் பாக்கறேன். என்னத் தூக்கினு வந்தவன் யாருன்னு."

அன்று உப்பளத்தில் இருக்கும் என் வீடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஏறி ஓட்டத் தோன்றவில்லை. வீட்டில் அந்த நகல்களை ஒவ்வொன்றாகப் பரப்பினேன். அவற்றில் ஒன்று, தாக்குதல் ஓய்ந்த பிறகு புதன்கிழமை காலை எடுத்த ஆள் கணக்கு. மூத்தவரின் பெயருக்கு நேரே குறுக்குக் கோடு. எரிந்துபோன அரணுக்குள் அடையாளம் தெரியாத உடல்கள் கிடந்ததால், பதில் சொல்லாதவர்களை எல்லாம் இறந்தவர்களாகவே எழுதியிருந்தார்கள். அடுத்த வரியில் அதே பெயர், எண் இரண்டு. நேரே, 'ப்ரெஸான்'.

இரண்டு மூன்று முறை படித்தேன். புதன்கிழமை காலை இரண்டாம் எண் நாணலுக்குள் முட்டியளவு தண்ணீரில் கிடந்தார். பிறகு அவருடைய பெயருக்குப் பதில் சொன்னது யார்?

புதனன்று இறந்தவர் வெள்ளியன்று நடக்கிறார். நாணலில் கிடப்பவர் வரிசையில் நின்று பதில் சொல்கிறார். ஒவ்வொன்றாக எடுத்தால் இரண்டுமே நடக்க முடியாதவை. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. முதல் அழைப்புக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாம் அழைப்புக்கு ஒருவர் சொன்னார். நின்றிருந்தது ஒரே ஆள். அவரால் ஒரு பெயரைத்தான் காப்பாற்ற முடியும்.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். "முசே, அந்த சார்ஜன்ட்டுக்கு உங்க ரெண்டு பேரையும் நல்லாத் தெரியுமா?"

"பழைய சார்ஜன்ட்டுக்குத் தெரியும். அவன் மொத குண்டுலயே போயிட்டான். அடுத்தவன் பக்கத்து அரண்லேர்ந்து வந்தவன். அவனுக்கு நம்ம ஆளுங்க எல்லாம் ஒரே மூஞ்சிதான்."

ஆள் கணக்கைக் காட்டி மெதுவாகச் சொன்னேன். அண்ணன் உங்கள் எண்ணுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுக்குத் தந்தி போய்விடக் கூடாது என்று தன் எண்ணுக்குப் பேசாமல் இருந்திருக்கிறார். அதனால்தான் காகிதத்தில் புதன்கிழமை இறந்தார். அதைத்தான் உங்களிடமும் சொன்னார். வெள்ளிக்கிழமை கரையில் பார்த்தவர்கள் அவர் கழுத்துத் தகட்டில் இருந்த எண்ணையே குறித்திருப்பார்கள். உங்களைத் தூக்கி வந்தவர் உயிரோடு இருந்த ஆள்தான்.

அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை. "அப்ப சில்லுன்னு இருந்துச்சே" என்று மட்டும் சொன்னார்.

மகள் அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தத் தந்தி வராமல் போனது அவருடைய அம்மாவுக்கு. அப்போது மகள் இருபது நாள் குழந்தை. திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சின்ன வயசுலேர்ந்து அவரு படத்துக்கு ஒரு பூ வச்சதில்ல நானு" என்றார். "படமே இல்லைன்னு சொன்னாங்க. எது படம்னே தெரியலன்னு இல்ல இருக்குது."

இரண்டாவது கடிதம் அட்டவணை இல்லாமல் போயிற்று. அதற்குப் பதிலாக, தன் மானத்தின் மேல் உறுதி கூறிப் பெரியவர் எழுதிய வாக்குமூலம். புதன்கிழமை ஆள் கணக்கின்போது நான் அங்கே இல்லை, என் பெயருக்கு வந்த பதில் என்னுடையதல்ல, வெள்ளிக்கிழமை நான் சுமந்தவன் அல்ல, சுமக்கப்பட்டவன். கையெழுத்துப் போடும்போது மகள் கவலைப்பட்டார். "நீ அன்னிக்கி இல்லவே இல்லைன்னு எழுதிக் குடுக்கற. அப்பறம் ஒன் பான்சியோன்லயும் நீ இல்லைன்னு சொல்லிடப் போறாங்க."

"சொல்லட்டும். ஒரு நாளாவது உண்மையான நாளா இருக்கட்டும்."

குளிர்காலம் போய் வெயில் ஏறிய பிறகு பதில் வந்தது. வாக்குமூலம் ஏற்கப்பட்டது. மூத்தவரின் பதிவேட்டில் பதக்கம் சேர்க்கப்பட்டது. அந்தப் பக்கத்தின் நகலும் இருந்தது, முத்திரையோடு. பெரியவர் அதை வாங்கி அந்த ஒரு வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மகள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "எங்க பெரியப்பாவுக்கு மெதாய் வந்திருக்குது" என்றார். மகள் 'பெரியப்பா' என்று சொல்லி உறவு கொண்டாடியது அன்றுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு உறை வந்தது. வெளியே பெரியவரின் பெயர், அவருடைய முகவரி. உள்ளே ஓர் அச்சடித்த படிவம், உயிர்ச் சான்று. பிரான்சிலிருந்து பான்சியோன், அதாவது ஓய்வூதியம், வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நேரில் போய்க் காட்டி முத்திரை வாங்கி அனுப்பும் படிவம். எங்கள் ஊரில் பல வீடுகளில் பார்க்கலாம். வழக்கமானதுதான் என்று மடிக்கப் போனேன். படை எண் மேல் கண் போயிற்று. மூத்தவருடைய எண்.

கூடவே இருந்த சிறு குறிப்பைப் படித்தேன். புதன்கிழமை மரணம் என்ற பதிவு, மனுதாரரின் வாக்குமூலத்தால் ரத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு இவர் இறந்ததாக எங்கும் பதிவு இல்லை, உடலும் கிடைக்கவில்லை. பதக்கம் பெற்றவருக்கு உரிய மரியாதைகளைத் தொடர, அவர் உயிரோடு இருக்கிறார் என்பதைக் காட்டும் இந்தச் சான்றை அவரே நேரில் வந்து கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அல்லது அவர் மரணத்தைப் பார்த்தவர்கள் நாளைக் குறிப்பிட்டு எழுதித் தர வேண்டும்.

"எழுதிக் குடுத்துடலாம் முசே" என்றேன். "வெள்ளிக்கிழமைன்னு போட்டுடலாம்."

"பாத்தீங்களா?"

"இல்ல, நீங்க…"

"நானும் பாக்கல. திரும்பிப் போனதத்தான் பாத்தேன்." படிவத்தை வாங்கி அந்த பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தார். "போனத மறுபடியும் தப்பா எழுதக் கூடாது தம்பி."

பார்க்காத நாளை எழுதாதே என்பது என் நோட்டுக்கு நானே வைத்துக்கொண்டிருந்த விதி.

அந்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு அவரைக் கனகசெட்டிக்குளம் வரை காரில் அழைத்துப் போனோம். நகரத்துக் கடற்கரையில் அப்போது மணலே இல்லை, கருங்கல்தான். கனகசெட்டிக்குளத்தில் மீன்பிடி வலைகளுக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஐயர் குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்துத் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தார். எங்கள் பெரியவரைப் பார்த்ததும் எத்தனையோ வருடப் பழக்கத்தில் இலையைப் போட்டு, எள்ளும் மாவுருண்டையும் எடுத்து வைத்துவிட்டு, பெயர்களைச் சொல்லச் சொன்னார்.

தாத்தா பெயரைச் சொன்னார், அப்பா பெயர், அம்மா பெயர். நிறுத்திவிட்டார்.

"இன்னும் ஒருத்தர் உண்டே?" என்றார் ஐயர். "வருஷா வருஷம் சொல்வேளே. தாத்தா பேருக்கு மேல, உங்க பேரையே இன்னொரு தரமும் சொல்வேள். மொத வருஷம் நான் பயந்தே போயிட்டேன். அப்பறம்னா சொன்னேள், பெரியப்பா பிள்ளைன்னு."

"இந்த வருஷம் வேணாம் சாமி. அவன் செத்தான்னு பேப்பர் இல்ல."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். நாலாவது உருண்டை இலையின் ஓரத்தில் அப்படியே இருந்தது.

"அப்படின்னா," என்று ஐயர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், "இத்தனை வருஷமா அந்தப் பேருக்கு விட்ட எள்ளும் தண்ணியும்?"

பெரியவர் ஈரக் கைகளை விரித்து ஒரு கணம் பார்த்தார்.

"நானும் அதத்தான் யோசிச்சுக்கினு வந்தேன், சாமி. அந்தப் பேருக்கு உசுரோட இருக்கறது இப்ப ரெண்டு பேரு. யாருக்குப் போயி சேர்ந்துதோ."

எழுந்திருக்க என் தோளைப் பிடித்தார். ஆடி மாத வெயிலில் மணல் கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய கை சில்லென்று இருந்தது.